கவர்னரைக் கழற்றுவதற்கு முன்

வளைத்துப் பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டம், ஆறு அங்குல ரிம்மில் தடித்த டயர், புல்வெட்டும் இயந்திரத்தில் இருக்கவேண்டிய எஞ்சின், ஒரே ஒரு செயின். 1960களின் அமெரிக்க மினி பைக்கைப் பிரித்துப் போட்டால் இதற்கு மேல் அதிகம் தேறாது. கியர் கிடையாது, பேட்டரி கிடையாது, பல வண்டிகளில் ஷாக் அப்சார்பரும் கிடையாது. வளர்ந்த ஆள் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். சாலையில் ஓட்டுவதற்கான வண்டியும் அல்ல இது. வீட்டுக்குப் பின்னாலுள்ள புல்வெளிக்கும் மண்தடத்துக்கும் என்றே செய்தது.

இதன் பிறப்பு பந்தயக் களத்தோடு ஒட்டியது. 1956இல் கலிபோர்னியாவில், பந்தயக் கார் கட்டும் தொழிலில் இருந்த ஆர்ட் இங்கல்ஸ், புல்வெட்டிக்கான சின்ன எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி முதல் கோ-கார்ட்டை ஓட்டிக் காட்டினார். நான்கு சக்கரத்துக்கு ஒத்துவந்தது இரண்டு சக்கரத்துக்கு ஒத்துவராதா என்ன? ஒஹாயோ மாநிலம் மான்ஸ்ஃபீல்டில் மினி பைக் செய்து விற்ற மிக்கி ரப் தாமே ஒரு பந்தய ஓட்டுநர்; 1965 இண்டியனாபோலிஸ் 500 பந்தயத்தில் ஆறாவதாக வந்தவர். ஜப்பானில் ஹோண்டா, 1961இல் டோக்கியோ அருகே தாமா டெக் பொழுதுபோக்குப் பூங்காவுக்காக ஒரு 49 சிசி குட்டி வண்டி செய்தது. பின்னாளில் ‘மங்கி’ என்று புகழ்பெற்றது அந்த வழிவந்ததுதான். ஆனால் அது வேறு குடும்பம், மோட்டார் சைக்கிள் எஞ்சினும் கியரும் உள்ளது. இங்கே பேச்சு அமெரிக்க வகையைப் பற்றி. அதில் மறைக்க எதுவும் இல்லாததால் இயற்பியல் வெளியிலேயே தெரியும்.

அந்த வண்டிகளில் பெரும்பாலும் இருந்தவை இரண்டு கம்பெனி எஞ்சின்கள். ஒன்று, மில்வாக்கியில் 1908இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், மற்றது டெகும்சே. பிரிக்ஸின் 3 குதிரைத்திறன் எஞ்சின் 127 சிசி, 5 குதிரைத்திறன் எஞ்சின் 206 சிசி. டெகும்சே 2008இல் எஞ்சின் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பிரிக்ஸ் 2020இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போய், கைமாறிப் பிழைத்தது. பழைய வண்டியைக் கொட்டகையிலிருந்து இழுத்து வருபவர் முன்னால் இரண்டு வழிகள். இருந்தபடியே மீட்டு எடுக்கலாம். இல்லை, புது எஞ்சின் போட்டு வேகம் கூட்டலாம். எந்த வழியில் போனாலும் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய எண் 3,600. இந்த எஞ்சின்களின் உச்சச் சுற்று, நிமிடத்துக்கு அவ்வளவுதான். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இருதுருவ ஜெனரேட்டரை 3,600 சுற்றில் ஓட்டினால்தான் அந்த 60 கிடைக்கும். பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் புல்வெட்டிக்கும் ஒரே எஞ்சின் என்பதால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் அந்தச் சுற்றை மனதில் வைத்தே வார்க்கப்பட்டது.

கொட்டகை வண்டி கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, எஞ்சின் கிளம்புகிறதா பார்ப்போம் என்பது. சட்டத்தை முதலில் பாருங்கள் என்பேன். எஞ்சின் நின்றுபோனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரலாம். ஹேண்டில்பார் கழுத்து முறிந்தால் அப்படி முடியாது.

பெயின்டைச் சுரண்டுமுன் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்டிலும் சில நுகர்வோர் பொருட்களின் பூச்சிலும் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். அதற்கு முந்தைய வண்டியில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது நல்லது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகமூடி வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

துருவை எடுக்கப் பலரும் அமிலத்தைத் தேடுவார்கள். அமிலம் துருவைத் தின்று முடித்ததும் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கிவிடும். மின்பகுப்பில் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தொட்டியில் நீர், அதில் கொஞ்சம் சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவிலும், வேண்டாத ஓர் இரும்புத் தகட்டைப் பாசிட்டிவிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். துரு என்பது ஆக்சிஜனிடம் எலக்ட்ரானைப் பறிகொடுத்த இரும்பு. நெகட்டிவ் முனை அந்த எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கிறது. சிவப்புத் துரு கறுப்பு மேக்னடைட்டாக மாறித் தளர்ந்து, தேய்த்தால் கையோடு வந்துவிடும். எலக்ட்ரானை இழக்காத நல்ல இரும்பில் இதற்கு வேலையே இல்லை, அது அப்படியே இருக்கும். பாகத்தின் மேல் கிளம்பும் குமிழ் ஹைட்ரஜன். ஆகவே திறந்த வெளியில் மட்டும் செய்ய வேண்டும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டைக் கட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நஞ்சுள்ள சேர்மமாக நீரில் கலக்கும். குரோம் பூச்சுப் போட்ட பாகங்களையும் இந்தத் தொட்டியில் போட வேண்டாம்.

துரு போனபின் வெல்டிங்குகளைப் பார்க்க வேண்டும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு, அது உட்காரும் தகட்டின் விளிம்பிலும் ஹேண்டில்பார் கழுத்திலும் முடி போன்ற விரிசல்களை உண்டாக்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கடையில் கிடைக்கும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சற்று நேரம் விட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடித் திரவத்தை அடித்தால் விரிசலுக்குள் நுண்புழை ஈர்ப்பால் இறங்கிய சாயம் திரும்ப மேலேறிச் சிவப்புக் கோடாய்க் காட்டிக்கொடுக்கும். விமான பாகங்களைச் சோதிப்பதும் இதே முறையில்தான். சக்கரத்தில் வேறொரு ஆபத்து உண்டு. இந்த ரிம்கள் பல, இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டுச் சேர்த்தவை. டயரில் காற்று இருக்கும்போது அந்த போல்ட்டைக் கழற்றினால் பாதி ரிம் முகத்தைப் பெயர்த்துவிடும். காற்றை முழுதாக இறக்கிய பிறகுதான் ஸ்பானரைத் தொடலாம்.

இனி எஞ்சின். நம் ஊர் மெக்கானிக் முதலில் கேட்பதும் இதைத்தான்: பிளக்கில் கரண்ட் வருதா? பேட்டரி இல்லாத எஞ்சினில் கரண்ட்டைத் தருவது பிளைவீலில் பதித்த காந்தம். அது காயிலின் முன்னால் கடக்கும் நேரம் பார்த்து உள்ளே இருக்கும் பாயிண்ட் திறக்கும். முதன்மைச் சுருளில் ஓடிய மின்னோட்டம் சட்டென்று அறுபட, துணைச்சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட மின்தூண்டல்தான், வேறொன்றுமில்லை. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் மெல்லிய ஆக்சைடு படிந்து மின்சாரத்தைத் தடுத்திருக்கும். நைஸான உப்புத்தாளால் ஓர் இழுப்பு, பெட்ரோலில் நனைத்த சுத்தமான அட்டையால் இன்னோர் இழுப்பு, இடைவெளி 0.5 மி.மீ. பாதி எஞ்சின்கள் இதிலேயே உயிர் பெற்றுவிடும். காயிலுக்கும் பிளைவீலுக்கும் நடுவே விடவேண்டிய கால் மில்லிமீட்டரை அளக்க, ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இறுக்கிவிட்டு உருவிவிடுவார்கள்.

அப்படியும் கிளம்பவில்லை, தீப்பொறி மட்டும் நன்றாக வருகிறது என்றால் பிளைவீலைக் கழற்றி ஓர் அற்பப் பொருளைப் பார்க்க வேண்டும். கிராங்க் தண்டுக்கும் பிளைவீலுக்கும் நடுவிலுள்ள காடியில் செருகிய சாவி அது. கட்டைவிரல் நகம் அகலம்கூட இராது. பிரிக்ஸ் எஞ்சின்களில் மென்மையான உலோகத்தில் செய்திருப்பார்கள். பிளைவீலைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பிடிமானம் வருவது தண்டின் கூம்புச் சரிவாலும் நட்டின் இறுக்கத்தாலும்தான்; சாவி, பிளைவீல் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்று காட்டுகிறது, அவ்வளவே. புல்வெட்டியின் பிளேடு கல்லில் மோதினால் சாவி நசுங்கும், பிளைவீல் சற்றே திரும்பும். சுமார் 20 மி.மீ. தண்டில் 1 மி.மீ. நகர்ந்தால் கோணம் ஏறக்குறைய 6 டிகிரி தவறும். தீப்பொறி தப்பான நேரத்தில் விழும். சாவியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒரு சின்னப் படி தெரியும். ‘இனிமேல் நசுங்காது’ என்று எஃகுச் சாவி போடும் புத்திசாலிகள் உண்டு; அப்போது அடி கிராங்குக்குப் போகும். புதிய சாவியின் விலை மிகக் குறைவு, கிராங்கின் விலை அப்படியில்லை.

கார்புரேட்டரில் துளைகள்தான் பிரச்சினை. பெட்ரோல் ஆவியாகிப் போனால் பின்னால் பிசின் தங்கும். இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, அளவு மீறினால் நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். டெகும்சேயின் பல கார்புரேட்டர்களில் அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் நட்டே பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டும் ஆகும். பக்கவாட்டில் பெரிய துளை ஒன்று தெரியும், அதைச் சுத்தம் செய்துவிட்டு வேலை முடிந்ததென்று மாட்டிவிடுவார்கள். மரைக்கு மேலே, காடிக்குள், ஊசி முனையளவு இன்னொரு துளை உண்டு. அடைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும். மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி நுழைக்க வேண்டும். துரப்பண முனையால் குடைந்தால் கதை முடிந்தது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அடைத்தாலே துளையின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பெட்ரோல் குறைந்த கலவையில் எஞ்சின் சீராக ஓடாது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். காரணம், கவர்னர் ஒவ்வொரு முறையும் தாமதமாகத் திருத்த முயல்வது.

இந்தக் கவர்னர் யார்? ஆக்சிலரேட்டரைத் திருகினால் திராட்டில் நேரே திறக்கும் என்று நினைப்போம். இங்கே கை இழுப்பது ஒரு ஸ்பிரிங்கை. திராட்டிலைக் கவர்னர்தான் பிடித்திருக்கிறது. பழைய பிரிக்ஸ் எஞ்சின்கள் பலவற்றில் அது வெறும் ஒரு தகடு. பிளைவீல் விசிறியின் காற்று அதைத் தள்ளும், சுற்று கூடக்கூடத் தள்ளல் கூடித் திராட்டில் மூடும். பின்வந்தவற்றில் எஞ்சினுக்குள் சுழலும் சின்ன எடைகள் வெளியே விரிந்து அதே காரியத்தைச் செய்கின்றன. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினில் பொருத்திய கோளக் கவர்னரின் வாரிசு இது.

எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் போகும் வழியிலும் இதே சுழற்சிதான் வேலை செய்கிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டியவருக்கு இந்தக் கிளட்ச் புதிதல்ல: சுற்று கூடினால் உள்ளே இருக்கும் ஷூக்கள், ராட்டினத்தில் உட்கார்ந்தவர் வெளிப்பக்கம் சாய்வதைப்போல, வெளியே விரிந்து டிரம்மைக் கவ்வும். தள்ளும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும். 2,000 சுற்றில் ஸ்பிரிங்கை வெல்லும் ஷூ, 3,600இல் அதைப்போல மூன்றேகால் மடங்கு விசையோடு தள்ளும். சரி, 2,000 சுற்றில் வண்டி என்ன வேகத்தில் போகும்? முன்னே 10 பல், பின்னே 60 பல், அதாவது 6க்கு 1. டயரின் வெளிவிட்டம் 33 செ.மீ. என்றால் சுற்றளவு 1.04 மீட்டர். 2,000 சுற்றுக்கு மணிக்கு ஏறக்குறைய 21 கி.மீ., 3,600க்கு 37 கி.மீ. வரும். இதில் யோசிக்கவேண்டியது முதல் எண்தான். அந்த 21க்குக் கீழே போகும் நேரமெல்லாம் கிளட்ச் நழுவிக்கொண்டு இருக்கிறது, நழுவல் முழுவதும் வெப்பம். தோட்டத்தில் குழந்தையை வைத்து மெதுவாக வட்டமடிப்பதே கிளட்ச்சுக்கு மிகக் கொடுமையான வேலை. டிரம் நீலம் பாய்ந்திருந்தால் வண்டியை யாரோ அன்பாக ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மாட்டுமுன் உள் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு எண்ணெய். இரண்டாவது சொட்டு ஷூவுக்குப் போய்விடும்.

வேகம் கூட்ட நினைப்பவர் முதலில் கைவைப்பது கவர்னரில்தான். செலவே இல்லாத மேம்பாடு என்று தோன்றும். பழைய எஞ்சினுக்குப் பதிலாக இப்போது வழக்கமாக மாட்டுவது ஹோண்டா ஜிஎக்ஸ் 200, அல்லது அதைப் பார்த்துச் செய்த மலிவான சீன எஞ்சின்கள். ஜிஎக்ஸ் வரிசை 1983இல் தொடங்கியது. 68 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், 196 சிசி. 3,600 சுற்றில் 5.5 குதிரைத்திறன். பழையவற்றில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்ததால் எரியறை பரந்து, அழுத்த விகிதம் 6 அளவிலேயே நின்றது. வால்வுகள் தலைக்கு மேல் போனதும் அது 8.5 ஆனது. ஓட்டோ சுழற்சியின் ஏட்டுக் கணக்கில் திறன் 51 சதவீதத்திலிருந்து 57க்கு ஏறுகிறது. புதியதன் தண்டு முக்கால் அங்குலம்; பழையதிலும் அதே அளவு என்றால் கிளட்ச் அப்படியே பொருந்தும். சாய்ந்த சிலிண்டர் மட்டும் நிமிர்ந்த எஞ்சினுக்கென்று வளைத்த பழைய சட்டத்தில் எங்காவது இடிக்கும். வாங்குமுன் அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

இந்த எஞ்சினில் கவர்னரை எடுத்துவிட்டால் சுற்று 5,500 வரை போகும். வண்டி 57 கி.மீ. தொடும். ஒன்றரை மடங்கு சுற்றுதானே என்று தோன்றலாம். உள்ளே நடப்பது வர்க்கக் கணக்கு: 5,500ஐ 3,600ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 2.33. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் இடத்தில் அதன் முடுக்கம் 3,600 சுற்றில் புவியீர்ப்பைப்போல ஏறக்குறைய 500 மடங்கு. 5,500இல் 1,100ஐத் தாண்டும். அந்த இழுவை முழுவதையும் தாங்குவது அலுமினியத்தில் வார்த்த கனெக்டிங் ராட். அதற்குத் தனி பேரிங் இல்லை. தண்டின் மேல் நேரே ஓடுகிறது, எண்ணெய் வருவதும் அடியிலுள்ள ஒரு கொக்கி தெறித்து அடிப்பதால்தான். ராட் முறிந்தால் எஞ்சின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். பிளைவீல் இன்னும் மோசம். வார்ப்பு உலோகம் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது; சுழலும் விளிம்பிலோ முழுக்க இழுவை, அதுவும் 2.33 மடங்கு. வார்ப்பில் எங்கோ ஒளிந்திருக்கும் காற்றுக்குமிழ் ஒன்று போதும். வெடித்துச் சிதறும் துண்டுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் நடுவே இருப்பது மெல்லிய தகட்டு மூடி. பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் திட உலோகத்தில் கடைந்த பிளைவீலும் ராட்டும் வாங்கிப் போடுவது இதற்காகத்தான். கவர்னரைக் கழற்றுகிறவர் அவற்றின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், கவர்னர் போனபின்னும் ஒரு காவலாளி மிச்சம் இருக்கிறார். வால்வு ஸ்பிரிங் மெலிது. 5,500 அளவில் கேம் விலகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து வால்வு மூடாது, அழுத்தம் கசியும், சுற்று அதற்கு மேல் ஏறாது. இதைக் குறை என்று நினைத்துக் கனமான ஸ்பிரிங் வாங்கிப் போடுபவர் கடைசிக் காவலாளியையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.

எஞ்சினுக்கு வெளியிலும் அதே 2.33 காத்திருக்கிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்றால் 37 கி.மீ. வேகத்தில் இயக்க ஆற்றல் சுமார் 5,400 ஜூல், 57இல் 12,500. வினாடிக்கு வினாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் முன்னது 18 மீட்டரில் நிற்கும், பின்னது 42 மீட்டரில். அந்த வீதமும் நல்ல பிரேக் இருந்தால்தான். அக்கால மினி பைக்குகள் பலவற்றில் பிரேக் என்பது பின் டயரின் மேல் உராயும் ஓர் இரும்புத் தகடு. ஈரமான புல்லில் அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஆகவே என் கட்சி பிரேக்கிலிருந்து தொடங்குவது. முதல் செலவு டிஸ்க் பிரேக், இரண்டாவது புது டயர், எஞ்சின் அதற்கப்புறம்தான். புது எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே மாட்டி ஓட்டத் துடிப்பவருக்கு இது கசக்கும்.

கவர்னரைத் தொடாமலே வண்டியை மேம்படுத்த ஒரு வழி இருக்கிறது. ரப் வண்டிகள் அன்றே அதைக் காட்டின: கிளட்ச்சுக்குப் பதில் பெல்ட்டும் இரண்டு கப்பிகளும். டச்சுக்காரர் ஹப் வான் டோர்ன் 1958இல் டாஃப் காரில் கொண்டுவந்ததும், ஆக்டிவாவின் இடதுபக்க மூடிக்குள் இன்று ஓடுவதும் இதே ஏற்பாடுதான். சுற்று ஏற ஏற முன் கப்பியின் இரு தட்டுகள் எடைகளின் விசையால் நெருங்கிப் பெல்ட்டை வெளிவிளிம்புக்குத் தள்ளும், பின் கப்பி விரிந்து இடம் கொடுக்கும். கடையில் ‘30 சீரிஸ்’ என்ற பெயரில் கிடைக்கும் பெல்ட்-கப்பித் தொகுப்பில் விகிதம் 2.7இலிருந்து 0.9 வரை தானாகவே மாறும். பின்னால் அதே 6க்கு 1 செயினோடு இதைச் சேர்த்தால் 2,000 சுற்றில் வேகம் 8 கி.மீ.க்கும் குறைவு, குழந்தையை வைத்து வட்டமடித்தாலும் நழுவல் சில நொடிதான். 3,600இல் 41 கி.மீ. வரும். எஞ்சினுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் மாறவில்லை, டிஸ்க் பிரேக்கோடு நிற்க 22 மீட்டர் போதும். கழற்றிய பழைய எஞ்சினில், பிளக் துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இரண்டு முறை இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டித் துணி சுற்றி வைக்கலாம். வண்டியை விற்கும் நாள் வந்தால் வாங்குபவர் முதலில் விசாரிப்பது, அசல் எஞ்சின் இருக்கிறதா என்றுதான்.